காணிக்கைக்கு ஒழுங்கான கணக்கு: வளரும் சபைகளுக்கான ஒரு கணக்குச் சேவை பற்றிய மதிப்புரை

கோயம்புத்தூரின் புறநகரில் வளர்ந்துவரும் ஒரு சுயாதீன சபையின் போதகராக நான் ஊழியம் செய்கிறேன். சபைகளுக்கும் கிறிஸ்தவ அறக்கட்டளைகளுக்கும் மாதந்தோறும் கணக்கு எழுதிக் கொடுத்து, ஆண்டு முடிவில் தணிக்கைக்கு ஆயத்தம் செய்து தரும் ஒரு சிறிய அலுவலகத்தின் சேவையை நாங்கள் ஒரு முழு நிதியாண்டு பயன்படுத்தினோம். இதுபோன்ற சேவையை வழங்குவோர் இப்போது பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் எதைக் கேட்டுப் பெற வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம் என்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொடுக்கும் கட்டணத்துக்குத் தகுந்த சேவை இது. ஆனால் சபையின் இருதயத்தை அறிந்த ஒருவர் அருகில் நின்று வழிநடத்தாவிட்டால், இது வரி அலுவலகத்தைத் திருப்திப்படுத்தும் சேவையாக மட்டுமே முடிந்துவிடும்.

தென்னிந்தியத் திருச்சபை போன்ற அமைப்புகளில் குருவானவரின் சம்பளம் பேராயரின் நிர்வாகத்திலுள்ள திருமண்டலத்திலிருந்து வருகிறது. சேகரத்தின், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபைகளின், வரவுசெலவு கமிட்டிக்கும் திருமண்டலத்துக்கும் கணக்குக் காட்டப்படுகிறது. குருவானவர் இடம் மாறிச் சென்றாலும் நிலமும் கட்டடமும் சபையோடு இருக்கின்றன. அந்த அமைப்பிலும் குறைகள் உண்டு என்றாலும், பணத்துக்கும் போதகருக்கும் நடுவே ஒரு வரம்பு அங்கே ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. வீட்டு ஜெபக்கூட்டமாகத் தொடங்கி, வாடகை மண்டபத்துக்கு வந்து, பிறகு சொந்த இடம் வாங்க நினைக்கும் சுயாதீன சபைக்கு அப்படி எதுவும் இல்லை. பத்துக் குடும்பங்கள் கூடியபோது போதகரின் மனைவி ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கு போதுமானதாக இருந்தது. இருநூறு குடும்பங்கள் வரும்போதும் அதே நோட்டுப் புத்தகம் தொடர்ந்தால், அங்கே ஒருவரும் தவறு செய்யாவிட்டாலும், ஒருவரும் தம் நேர்மையைக் காட்ட முடியாத நிலை வந்துவிடும். கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்த்த பணத்தைத் தாம் தனியே கொண்டுபோகாமல், தீத்துவையும் சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரரையும் உடன் அனுப்புவதாகச் சொல்கிறார். கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் நேர்மையானதைச் செய்ய வேண்டும் என்பதே அவர் சொல்லும் காரணம். இந்தச் சேவையை நாடியபோது எங்கள் மூப்பர்கள் திரும்பத் திரும்ப வாசித்த பகுதி அது.

கட்டணம் மாதத்துக்கு 4,000 ரூபாய். இதற்குள் வாராந்தர வரவுப் பதிவு, செலவுச் சீட்டுகளைச் சரிபார்த்தல், டேலி என்ற கணக்கு மென்பொருளில் கணக்கு எழுதுதல், வங்கிக் கணக்கோடு ஒப்பிடுதல், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமிட்டிக்கு அறிக்கை ஆகியவை அடங்கும். ஆண்டுத் தணிக்கைக்கான கட்டணம் தனி; அதை வேறொரு பட்டயக் கணக்காளரிடம் செலுத்துகிறோம். முதலில் இதை வீண் செலவு என்று எங்கள் பொருளாளர் நினைத்தார். கணக்கு எழுதும் கையே அதைத் தணிக்கை செய்து கையெழுத்திடக் கூடாது என்பது பட்டயக் கணக்காளர் தொழில் நெறிகளிலேயே உள்ள கட்டுப்பாடு என்று அலுவலகத்தார் விளக்கியபோது, அவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது. இரண்டையும் நாங்களே குறைந்த விலைக்குச் செய்து தருகிறோம் என்று சொல்பவரிடம் சபைகள் கவனமாக இருக்க வேண்டும்.

சேவையின் மிகச் சிறந்த பகுதி கணினியில் நடப்பதல்ல, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்தவுடன் நடப்பது. காணிக்கைப் பைகள் பீடத்திலிருந்து நேராக ஓர் அறைக்குப் போகின்றன. ஒரே குடும்பத்தைச் சேராத இருவர், அவர்களில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்குமாறு, சுழற்சி முறையில் எண்ணுகிறார்கள். 500, 200, 100 என்று நோட்டு வாரியாகவும் நாணயங்கள் தனியாகவும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, அதன் படத்தை அங்கேயே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். உறையில் பெயரெழுதி வந்த தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு), பெயரில்லாத பைக் காணிக்கை, பிறந்தநாள் மற்றும் திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கை, மிஷனரிக் காணிக்கை ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் அந்தத் தாளில் உண்டு. திங்கட்கிழமை அந்தத் தொகை முழுவதும் எங்கள் சபை அறக்கட்டளையின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும். செலுத்துவதற்கு முன் பந்தல்காரருக்கோ வேன் ஓட்டுநருக்கோ அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுத்துக் கொடுக்கலாகாது என்பதில் அலுவலகம் மிகக் கண்டிப்பாக இருக்கிறது. எண்ணும் அறைக்குள் போதகர் வரக் கூடாது என்பதையும் அவர்களே எழுத்தில் கொடுத்தார்கள். எனக்கு இந்த ஒழுங்கு பெரிய இளைப்பாறுதலாக இருந்தது. ஆராதனை முடிந்து மக்களோடு நின்று பேசவும், வியாதியாயிருப்பவரின் தலைமேல் கைவைத்து ஜெபிக்கவும் அந்த நேரம் முழுவதும் எனக்குக் கிடைக்கிறது.

பல சுயாதீன சபைகளில் இன்று பெரிய சிக்கலாக இருப்பது யு.பி.ஐ. வழியாக வரும் காணிக்கை. பெருந்தொற்றுக் காலத்தில் ஆராதனை கைபேசிக்கு மாறியபோது, திரையில் காட்டப்பட்டது பெரும்பாலும் போதகரின் சொந்த எண்தான். அப்படி வரும் பணம் சட்டத்தின் பார்வையில் அவருடைய தனிக் கணக்கில் விழும் வரவு; அது சபையின் காணிக்கை என்று பின்னர் நிறுவுவது அவர் தலைமேல் விழும் பாரம். அறக்கட்டளையின் பான் எண்ணில் தொடங்கிய கணக்கோடு இணைந்த க்யூ.ஆர். அட்டை மட்டுமே ஆலயத்தில் இருக்க வேண்டும் என்பது இந்த அலுவலகத்தின் முதல் நிபந்தனை, அதைச் செய்த பிறகே அவர்கள் வேலையைத் தொடங்குகிறார்கள்.

ஆனால் இதே இடத்தில்தான் அவர்களோடு எங்களுக்கு முதல் கருத்து வேறுபாடும் வந்தது. யு.பி.ஐ. வரவில் கொடுத்தவரின் பெயர் தெரியும். அலுவலகம் அனுப்பிய மாத அறிக்கையில் யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் இணைக்கப்பட்டு, அது நேராக எனக்கே வந்தது. போதகருக்கு அந்தப் பட்டியல் வரக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பொன்மோதிரம் அணிந்து வருபவனுக்கு நல்ல இடத்தைக் காட்டி, கந்தை உடுத்தவனை நிற்க வைப்பதைக் கண்டித்து யாக்கோபு எழுதியது நம்மைப் போன்ற தலைவர்களுக்குத்தான். யார் மிகுதியாகக் கொடுத்தார் என்று அறிந்த பிறகும் அவரை மற்றவரைப் போலவே நடத்துவேன் என்று சொல்லும் துணிவு எனக்கு இல்லை. பட்டியலைப் பொருளாளர் மட்டும் பார்க்குமாறு மாற்றித் தரும்படி கேட்டோம். மாற்றித் தந்தார்கள், ஆனால் பல முறை நினைவூட்ட வேண்டியிருந்தது. ஒரு வணிக நிறுவனத்தின் உரிமையாளருக்கு வாடிக்கையாளர் பட்டியல் போவதைப் போலவே அவர்கள் இதையும் எண்ணியிருந்தார்கள் என்று தோன்றுகிறது.

பையில் விழும் பெயரற்ற காணிக்கைக்கு வருமான வரி உண்டா என்ற அச்சம் பல போதகர்களுக்கு இருக்கிறது. இதை அலுவலகத்தார் தெளிவாக விளக்கினார்கள். பெயர் தெரியாத நன்கொடைகளுக்கு 30 சதவீத வரி விதிக்கும் விதி இருக்கிறது. எனினும் முழுவதும் சமய நோக்கத்துக்காக ஏற்பட்ட அறக்கட்டளைகளுக்கு அது பொருந்தாது. சமயப் பணியும் அறப்பணியும் கலந்து செய்யும் அறக்கட்டளை என்றால், பள்ளிக்கோ மருத்துவமனைக்கோ என்று குறிப்பிட்டுத் தரப்பட்ட பெயரற்ற தொகைக்கு மட்டும் அந்த வரி வரும். ஆகவே வலதுகை செய்வதை இடதுகை அறியாதபடி கொடுக்க விரும்பும் ஒரு விதவைத் தாய்க்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. எல்லாரும் உறையில் பெயரெழுதித்தான் கொடுக்க வேண்டும் என்று வற்புறுத்தும் சபைகள், தேவையில்லாத ஒரு பாரத்தை ஏழைகள் மேல் சுமத்துகின்றன. அவர்கள் கொடுக்கும் பத்து ரூபாய்க்குப் பெயர் வேண்டியதில்லை. அந்தப் பத்து ரூபாய் வங்கியில் சேர்ந்ததற்குச் சான்று இருந்தால் போதும்.

குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுக்கப்பட்ட பணத்தை வேறு எதற்கும் தொடாமல் காப்பதில் இந்த அலுவலகத்தின் உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். பொது நிதி, கட்டட நிதி, மிஷனரி நிதி, இரக்க நிதி என்று நான்கையும் தனித்தனியே காட்டுகிறார்கள். வாடகை கொடுக்கப் பொது நிதியில் பணம் போதாத ஒரு மாதத்தில், கட்டட நிதியிலிருந்து எடுத்துவிட்டு அடுத்த மாதம் திருப்பிப் போடலாமா என்று கமிட்டி கேட்டபோது, கூடாது என்று பதில் வந்தது. இந்தக் கண்டிப்பு மிகையானதல்ல. சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கில், தலைமைப் போதகர் உட்பட 6 பேர் 2015ஆம் ஆண்டு குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். கட்டட நிதியிலிருந்து 2.4 கோடி சிங்கப்பூர் டாலர், போலிப் பத்திர முதலீடுகளின் வழியாக, இசை மூலம் நற்செய்தி அறிவிப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு திட்டத்துக்குத் திருப்பப்பட்டது. அதை மறைக்க மேலும் 2.6 கோடி டாலர் சுழற்றப்பட்டது. பிறகு 2017ஆம் ஆண்டு மேல்முறையீட்டில் தண்டனைகள் குறைக்கப்பட்டன. பணத்தைச் சொந்த வீட்டுக்குக் கொண்டுபோனார்கள் என்பதல்ல அங்கே மையக் குற்றச்சாட்டு. கட்டடத்துக்கென்று விசுவாசிகள் கொடுத்ததை ஊழியத்துக்குத்தானே செலவிடுகிறோம் என்ற எண்ணமே ஒரு பெரிய சபையின் தலைவர்களைச் சிறைவரை கொண்டுபோனது. வளரும் சபை ஒவ்வொன்றின் கமிட்டி அறையிலும் இந்த எண்ணம் ஏதாவது ஒரு மாதத்தில் தலைகாட்டும்.

கட்டட வேலையைப் பற்றி அவர்கள் தந்த ஆலோசனை இந்த ஆண்டில் நாங்கள் பெற்ற மிகப் பெரிய பயன். வருமான வரி விலக்குக்குப் பதிவுபெற்ற அறக்கட்டளை, ஓர் ஆண்டின் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த ஆண்டிலேயே தன் நோக்கங்களுக்குச் செலவிட வேண்டும். மீதமுள்ள 15 சதவீதத்தை நிபந்தனையின்றி வைத்துக்கொள்ளலாம். ஆலயம் கட்டுவதற்காக அதற்கு மேலும் சேமிக்க வேண்டுமென்றால், நோக்கத்தைக் குறிப்பிட்டு உரிய படிவத்தைக் காலத்துக்குள் தாக்கல் செய்து, 5 ஆண்டுகள் வரை சேர்த்து வைக்கலாம். இது தெரியாமல் வங்கியில் பணம் சேர்த்து வைத்து, பிறகு வரி அறிவிப்பு வந்து கலங்கிய சபைகளை நான் அறிவேன். கடன் வாங்கிக் கட்டினாலும் ஒரு நுட்பம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டு நிதிச் சட்டத்துக்குப் பிறகு, கடன் பணத்தில் கட்டிய தொகை கட்டிய ஆண்டில் செலவாகக் கொள்ளப்படுவதில்லை. காணிக்கையிலிருந்து கடனைத் திருப்பிச் செலுத்தும்போதுதான் கொள்ளப்படும், அதற்கும் 5 ஆண்டு வரம்பு உண்டு. இவற்றையெல்லாம் அட்டவணையாக்கி, அடித்தளம், தூண்கள், கூரை என்று மூன்று கட்டமாக வேலையைப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் கையில் எவ்வளவு இருந்தால் தொடங்கலாம் என்று எழுதித் தந்தார்கள்.

இங்கேதான் விசுவாசத்துக்கும் கணக்குக்கும் நடுவே உண்மையான உராய்வு வந்தது. அவர்கள் போட்ட வரவுசெலவுத் திட்டம் கடந்த ஆண்டின் சாதாரண மாதங்களின் சராசரியை மட்டும் அடிப்படையாகக் கொண்டது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, அறுப்பின் பண்டிகை ஆகியவற்றில் மிகுதியாக வரும் காணிக்கையை அதில் சேர்க்கவில்லை. எங்கள் மூப்பர்களில் சிலருக்கு இது அவிசுவாசமாகத் தெரிந்தது. தேவன் செய்யப்போவதை எண்ணாமல், கடந்துபோனதை மட்டும் எண்ணுவது எப்படி விசுவாசமாகும் என்று கேட்டார்கள். அது நேர்மையான கேள்வி. அதைத் தள்ளிவிட முடியாது. எனக்கு விடையாகக் கிடைத்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து ஜார்ஜ் முல்லரின் வாழ்க்கை. 1836ஆம் ஆண்டு அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கிய அவர், தேவையை மனிதரிடம் சொல்லிக் கேட்பதில்லை, கடன் வாங்குவதில்லை என்று உறுதிகொண்டு ஜெபத்தை மட்டும் சார்ந்திருந்தவர். அதே மனிதர்தான் வந்த காணிக்கைக்கு ரசீது கொடுத்து, வரவையும் செலவையும் ஆண்டுதோறும் அறிக்கையாக அச்சிட்டு வெளியிட்டார். பணம் கைக்கு வருமுன் செலவழிப்பதை அவருடைய விசுவாசம் அனுமதிக்கவில்லை. கோபுரம் கட்டத் தொடங்குகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் இறுதியில் அலுவலகத்தின் திட்டத்தை அப்படியே ஏற்று, அதற்குப் பக்கத்தில் இன்னொரு தாளை வைத்தோம். வாக்களித்த சம்பளம், வாடகை, மிஷனரி ஆதரவு எல்லாம் முதல் தாளில். புதிய கிளைச் சபை, சிறுவர் வகுப்பறை, வேன் ஆகியவை இரண்டாம் தாளில். அவற்றுக்காகச் சபையாக ஜெபிக்கிறோம், பணம் வரும்போது தொடங்குகிறோம். இந்த இரண்டாம் தாள் எங்கள் யோசனை. அதை அலுவலகம் புரிந்துகொண்டு தங்கள் அறிக்கையிலேயே இடம் கொடுத்ததை நன்றியோடு குறிப்பிடுகிறேன்.

போதகரின் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போதகர்களுக்கே கூச்சம். என் சம்பளத்தை நான் இல்லாத கூட்டத்தில் கமிட்டி தீர்மானித்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி, மாதம் ஒருமுறை வங்கி வழியாகச் செலுத்தும்படி அலுவலகம் ஒழுங்கு செய்தது. அறக்கட்டளையை நிறுவியவருக்கும் அறங்காவலர்களுக்கும் அவர்களுடைய உறவினருக்கும் நியாயமான அளவுக்கு மேல் கொடுக்கப்படும் தொகைக்கு வரிவிலக்கு கிடையாது என்பதால், மனைவியோ மகனோ ஊழியம் செய்தால் அந்த வேலையும் ஊதியமும் எழுத்தில் இருக்க வேண்டும். சம்பளத்தில் வரிப்பிடித்தம் செய்ய வேண்டிய அளவு வந்தால் செய்தே ஆக வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளிகளில் பணியாற்றும் அருட்சகோதரிகளுக்கும் குருக்களுக்கும் வழங்கப்படும் ஊதியத்தில்கூட வரிப்பிடித்தம் உண்டு என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த பிறகு, ஊழியர் என்பதால் விலக்கு உண்டு என்ற எண்ணத்துக்கு இடமில்லை. அதைவிட முக்கியமாக, ஆலய நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்று அவர்கள் கேட்ட கேள்வியை ஒவ்வொரு சபையும் கேட்டுக்கொள்ள வேண்டும். போதகரின் சொந்தப் பெயரில் வாங்கிய இடம், அவர் உயில் எழுதாமல் காலமானால், 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய வாரிசுகளுக்குப் போகும். காணிக்கை கொடுத்த ஜனங்கள் வாசலுக்கு வெளியே நிற்கும் நிலை அப்படித்தான் வருகிறது. எங்கள் நிலம் அறக்கட்டளையின் பெயரிலேயே பதிவாகியிருக்கிறது என்பதைப் பத்திரத்தை வாங்கிப் பார்த்த பிறகே அவர்கள் அடுத்த வேலைக்குப் போனார்கள்.

இரக்க நிதியில் அலுவலகத்தின் முறை எங்களுக்கு வேதனை தந்தது. உதவி பெற்றவரின் பெயர், முகவரி, கையொப்பம், அடையாள அட்டையின் நகல் எல்லாம் செலவுச் சீட்டோடு வேண்டும் என்றார்கள். நள்ளிரவில் மருத்துவமனை வாசலில் நிற்கும் ஒரு தகப்பனிடம், கணவனால் கைவிடப்பட்டுப் பிள்ளைகளோடு வந்த ஒரு சகோதரியிடம், இவற்றைக் கேட்பது உதவியின் மேன்மையையே கெடுத்துவிடும். நாங்கள் பேசிப் பேசி ஓர் ஒழுங்குக்கு வந்தோம். 10,000 ரூபாய் ரொக்க இருப்பு ஒரு மூப்பரிடம் இருக்கும். கொடுக்கும்போது இன்னொரு மூப்பருக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர்கள் ஒரு தனிப் புத்தகத்தில் எழுதப்பட்டுப் பூட்டி வைக்கப்படும். தணிக்கையாளர் கேட்டால் அதைக் காட்டலாம், கமிட்டி அறிக்கையிலோ பெயருக்குப் பதில் வரிசை எண்ணை மட்டுமே எழுதுவோம். ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அது அறச் செலவாக ஏற்கப்படாது என்பதால், மருத்துவக் கட்டணத்தை மருத்துவமனையின் வங்கிக் கணக்குக்கே நேராகச் செலுத்துகிறோம். சபைகளுக்கென்றே சேவை செய்வதாகச் சொல்லும் ஓர் அலுவலகம் இந்த ஒழுங்கைத் தாமாகவே முதல் நாளில் முன்வைத்திருக்க வேண்டும்.

வரிச்சலுகை ரசீது பற்றி ஒரு வார்த்தை. கொடுத்த தொகைக்கு வருமான வரியில் சலுகை பெற உதவும் 80ஜி ரசீது கேட்கும் விசுவாசிகள் எல்லாச் சபைகளிலும் உண்டு. ஒரு குறிப்பிட்ட சமயத்தாரின் வழிபாட்டுக்கான அறக்கட்டளைக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடையாது என்று அலுவலகம் நேராகச் சொன்னது. எப்படியாவது வாங்கித் தருகிறோம் என்று ஆசை காட்டவில்லை. வெளிநாட்டுப் பணம் பற்றிய வேலையை அவர்கள் ஏற்பதில்லை. வளைகுடாவில் வேலை செய்யும் இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பும் காணிக்கை வேறு, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட நம் உறவினர் அனுப்புவது வேறு என்பதையும், பின்னதை உரிய பதிவு அல்லது முன் அனுமதி இல்லாமல் பெறவே கூடாது என்பதையும் மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் வளரும் சபைகளில் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உறவினர் இல்லாத சபை அரிது. ஆகையால் இது சேவையின் பெரிய குறை. இதற்கென்று வேறோர் ஆலோசகரை நாங்கள் வைக்க வேண்டியதாயிற்று.

அறிக்கைகளின் மொழியும் இன்னும் திருந்த வேண்டும். கமிட்டிக்கு வரும், சொத்தையும் கடனையும் காட்டும் ஐந்தொகையை எங்கள் மூப்பர்களில் கணக்குப் படித்த ஒருவரைத் தவிர யாராலும் வாசிக்க முடியவில்லை. நெசவாலையிலும் பட்டறையிலும் வேலை செய்யும் எங்கள் ஜனங்களுக்குப் புரியும்படி, வந்தது எவ்வளவு, எதற்கு எவ்வளவு போனது, கையில் எவ்வளவு இருக்கிறது என்ற ஒரு பக்கத் தமிழ் அறிக்கையை எங்கள் பொருளாளரே எழுதி, ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறார். அதை அலுவலகமே தயாரித்துத் தர வேண்டும் என்று அடுத்த ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லியிருக்கிறோம்.

ஐம்பது குடும்பங்களுக்குக் குறைவான சபைக்கு இந்த மாதாந்தரச் சேவை தேவைப்படாது. எண்ணும் தாளும் அறக்கட்டளைப் பெயரில் வங்கிக் கணக்கும் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பட்டயக் கணக்காளரும் போதும். இடம் வாங்கவோ கட்டவோ, முழுநேர ஊழியர் ஒருவரைச் சேர்க்கவோ நினைக்கும் சபைக்கு, அந்த முடிவை எடுப்பதற்கு முந்தைய ஆண்டே இத்தகைய சேவையைத் தொடங்கும்படி பரிந்துரைக்கிறேன். 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடிப்பதால் பிரிவு எண்களும் படிவங்களும் மாறுகின்றன. ஒப்பந்தம் செய்யுமுன் அந்த மாற்றங்களுக்கு அவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கொடுப்போர் பட்டியல் யாருக்குப் போகும், இரக்க நிதியின் சீட்டுகள் எப்படி இருக்கும், தமிழ் அறிக்கை உண்டா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த மூன்றையும் சேர்த்து, வரும் நிதியாண்டுக்கும் இதே அலுவலகத்தோடு தொடர்கிறோம்.